பெட்டியில் இல்லாத அரசன்

சின்னப் பெட்டிதான். ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயரம், 34 சென்ரிமீற்றர் நீளம். வீட்டுக் கூரைபோல இரண்டு பக்கமும் சரிந்த மேற்பகுதி. உள்ளே மரம், மேலே செப்புத் தகடு, தகட்டில் நீல எனாமலும் தங்கமுலாமும். இப்போது லண்டனில், விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அருங்காட்சியகம் இணையத்தில் போட்டிருக்கிற படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்ததுதான்.

முதல் பார்வையில் அது ஒரு கொலைக்காட்சி எண்டே விளங்கவில்லை. அவ்வளவு வடிவு. கடல்நீலப் பின்னணியில் பொன்னிற மனிதர்கள். இடப்பக்கத்தில் மூன்று பேர் வாளோடும் ஆயுதங்களோடும் வருகிறார்கள். நடுவில் ஒரு குரு, முன்னால் பலிபீடம், அதிலிருக்கும் பூசைப் பாத்திரத்தை நோக்கி அவருடைய கை நீள்கிறது. வாள் அவர் மீது இறங்குகிறது. வலப்பக்கத்தில் இரண்டு குருமார் கைகளை உயர்த்தியபடி திகைத்து நிற்கிறார்கள். மேலே, கூரைச் சரிவில், அதே மனிதரின் அடக்கம். பக்கத்தில் அவருடைய ஆன்மா ஒரு சின்ன உருவமாக இரண்டு சம்மனசுகளின் கைகளில் மேலே போகிறது.

கொல்லப்படுபவர் கன்ரபரிப் பேராயர் தோமஸ் பெக்கெற். அவருடைய திருப்பண்டங்களை, அதாவது எலும்பையோ இரத்தத்தையோ உடுத்திருந்த துணியையோ, வைக்கச் செய்த பேழை இது. பிரான்சின் லிமோஜ் நகரில், 1180க்கும் 1190க்கும் இடைப்பட்ட காலத்தில் செய்யப்பட்டது. கொலை நடந்தது 1170இல். ஆகவே பெட்டி செய்யப்பட்டபோது அதைக் கண்ணால் கண்ட ஆக்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். இது பழங்கதையை நினைவுகூரும் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டுச் செய்திபோல இருந்த ஒன்றை நினைவுகூர்கிற பெட்டி.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெக்கெற் இலண்டன் வணிகர் ஒருவரின் மகன். இரண்டாம் ஹென்றி அரசனுக்கு சான்சலராக இருந்தவர், நெருங்கிய கூட்டாளி. நம்முடைய ஆள் தேவாலயத்தையும் நமக்கு வசமாக வைத்திருப்பான் என்று நினைத்து அரசன் 1162இல் அவரைப் பேராயராக்கினான். நடந்தது நேர்மாறு. குருமார் குற்றம் செய்தால் யார் தண்டிப்பது என்பதில் இருவரும் மோதிக்கொண்டார்கள். தேவாலய நீதிமன்றம் குற்றவாளிக் குருவின் பட்டத்தைப் பறித்தபின் அவரை அரச நீதிமன்றம் தண்டிக்கவேண்டும் என்றது ஹென்றியின் 1164ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்றார் பெக்கெற். உண்மையைச் சொன்னால், இந்த விசயத்தில் எங்களுக்குப் பெக்கெற் பக்கம் நிற்கக் கடினமாகத்தான் இருக்கிறது. கொலை செய்த குரு பட்டத்தை மட்டும் இழந்துவிட்டுப் போகலாம் என்பது யாருடைய உரிமை? ஆனால் கொலை வேறு கணக்கு.

பெக்கெற் ஆறு வருடம் பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1170 டிசம்பர் தொடக்கத்தில் திரும்பி வந்தார். அதே வருடம் யூன் மாதத்தில் ஹென்றி தன் மகனுக்கு யோர்க் பேராயரைக் கொண்டு முடிசூட்டியிருந்தான். முடிசூட்டுவது கன்ரபரியின் உரிமை. சம்பந்தப்பட்ட ஆயர்களைப் பெக்கெற் தண்டித்தார். செய்தி நோர்மண்டியில் இருந்த அரசனுக்குப் போனது. கோபத்தில் அவன் ஏதோ கத்தினான். என்ன சொன்னான் என்பதை ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். இன்று எல்லாரும் மேற்கோள் காட்டுகிற அந்தப் பிரபலமான வசனம் பிற்காலத்தவர் உருவாக்கியது. 'கொல்லுங்கள்' என்று அவன் கட்டளையிட்டதாக யாரும் எழுதவில்லை. கட்டளை தேவைப்படவும் இல்லை. நான்கு பேர் கடல் கடந்து புறப்பட்டார்கள்: றெஜினால்ட் ஃபிற்ஸ்அர்ஸ், ஹியூ டி மோவில், வில்லியம் டி றேசி, றிச்சர்ட் லெ பிரெற்றன்.

1170 டிசம்பர் 29, பின்னேரம். முதலில் ஆயுதமில்லாமல் பேராயரின் அறைக்கு வந்து வாக்குவாதப்பட்டார்கள். வெளியே போய் ஆயுதம் எடுத்து வந்தார்கள். துறவிகள் பெக்கெற்றை இழுத்துக்கொண்டு பேராலயத்துக்குள் போனார்கள். உள்ளே மாலைச் செபம் நடந்துகொண்டிருந்தது. கதவைப் பூட்டவேண்டாம், கோயில் கோட்டையில்லை என்றார் அவர். வந்தவர்கள் அவரை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. எட்வேர்ட் கிரிம் என்று ஒருவர், கேம்பிரிட்ஜிலிருந்து அந்த நேரம் பார்த்து வந்திருந்த விருந்தாளி, தன் கையைக் குறுக்கே நீட்டினார். வாள் அந்தக் கையையும் வெட்டிக்கொண்டு பெக்கெற்றின் தலையில் இறங்கியது. அடுத்தடுத்த வெட்டுகளில் மண்டையின் மேற்பகுதி சிதறியது. லெ பிரெற்றனின் வாள் கல்தரையில் பட்டு நுனி முறிந்தது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? சாட்சிகள் எழுதிவைத்தார்கள். கிரிம், வில்லியம் ஃபிற்ஸ்ஸ்ரீபன், சோல்ஸ்பரி ஜோன் என்று பலருடைய எழுத்துகள் இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு கொலைக்கு இவ்வளவு சாட்சியம் கிடைப்பது அபூர்வம்.

இந்த எழுத்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பப் பெட்டியைப் பார்த்தபோதுதான் எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. பெட்டி சொல்வதும் சாட்சிகள் சொல்வதும் ஒன்றில்லை. கொலை நடந்தபோது பெக்கெற் பூசை வைத்துக்கொண்டிருக்கவில்லை. அவர் விழுந்தது பேராலயத்தின் வடமேற்குக் குறுக்குக்கூடத்தில். பெட்டியிலோ அவர் பூசைப் பாத்திரத்தை எடுக்கும் கணத்தில் வெட்டப்படுகிறார். பலி ஒப்புக்கொடுப்பவரே பலியாகிறார். ஏன் மாற்றினார்கள் என்பது ஊகிக்கக் கடினமில்லை. செப்புத் தகட்டில் ஒரு சாணுக்குள் கதை சொல்லவேண்டிய கலைஞனுக்கு 'இவர் சாதாரணமாகக் கொல்லப்பட்டவர் இல்லை' என்று காட்ட இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. கிறிஸ்துவின் மரணத்தோடு இவருடைய மரணத்தை ஒரே கோட்டில் வைத்தாயிற்று.

கொலைகாரர் நாலு பேர், பெட்டியில் மூன்று. மற்றப் பெக்கெற் பேழைகளில் இந்த எண்ணிக்கை கூடிக் குறைந்தும் வருகிறது. இடமில்லாமல் ஒருவரை விட்டிருக்கலாம். அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை.

எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறு. அரசன் எங்கே?

இதற்கு லிமோஜுக்குப் போகவேண்டும்.

எனாமல் என்றால் எங்கட வீடுகளில் முந்தி இருந்த வெள்ளைக் கோப்பைகளும் நீல விளிம்புத் தட்டுகளும்தான் ஞாபகம் வரும். கீழே விழுந்தால் ஒரு துண்டு பெயர்ந்து கறுப்பாகத் தெரியுமே, அது. அடிப்படை ஒன்றுதான்: உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி. லிமோஜ்காரர் செய்த முறைக்கு சாம்ப்லெவே என்று பெயர். தடித்த செப்புத் தகட்டை எடுத்து, படத்தை அதில் கீறி, நிறம் வரவேண்டிய இடங்களைச் சிற்றுளியால் தோண்டிப் பள்ளமாக்குவார்கள். உருவங்களையும் கோடுகளையும் தோண்டாமல் மேடாக விடுவார்கள். பள்ளத்தில் நிறக் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையில் வைப்பார்கள். தூள் உருகும்போது சுருங்கிக் கீழே இறங்கும். திரும்ப நிரப்பித் திரும்பச் சுடவேண்டும். இப்படிப் பல தடவை. பிறகு தேய்த்துத் தேய்த்து எனாமலும் செப்பும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் மெருகேற்றுவார்கள். கடைசியாக மேடாக நின்ற செப்புக்குத் தங்கமுலாம். தங்கத்தைப் பாதரசத்தோடு கலந்து பூசிச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போக, தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி யாருடைய மூச்சுக்குள் போனது என்று எந்தப் பேழையிலும் எழுதியில்லை. இந்தப் பெட்டியைச் செய்தவரின் பெயரும் இல்லை.

அந்த நீலம் கோபால்ற்றிலிருந்து வருவது. கண்ணாடி எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரசியம். 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற துறவி கைவினைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். பழைய புறமதக் கட்டடங்களின் மொசைக்குகளில் இருக்கிற நிறக் கண்ணாடிச் சதுரங்களை எடுத்து எனாமல் செய்வதைப் பற்றி அதில் சொல்கிறார். இன்றைய இரசாயன ஆய்வுகளும் 12ஆம் நூற்றாண்டு லிமோஜ் எனாமலில் உரோமர் காலத்துக் கண்ணாடியின் கூறுகளைக் கண்டிருக்கின்றன. உரோமர் கட்டடச் சுவரில் இருந்த நீலம் உடைந்து, அரைபட்டு, ஆயிரம் வருடம் கழித்து ஒரு பேராயரின் கொலைக்குப் பின்னணியாகிறது.

செப்பும் கண்ணாடியும் என்பதால் விலை ஓரளவு கட்டுப்படியானது. தூய தங்கத்திலும் வெள்ளியிலும் பேழை செய்ய வசதியில்லாத கோயிலும் லிமோஜ் பெட்டி ஒன்றை வாங்கலாம். நகரமும் யாத்திரைப் பாதையில் இருந்தது. ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகிற யாத்திரிகர் லிமோஜின் சென் மார்சியால் மடத்தில் தங்கிப் போவார்கள். பாதுகாப்புப் பற்றிய கவலையும் சந்தையைப் பெருக்கியது. 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் சங்கம், பழைய திருப்பண்டங்களைப் பேழைக்கு வெளியே எடுத்துக் காட்டக்கூடாது, விற்கக்கூடாது என்று விதித்தது. பேழை கட்டாயமானால் பேழை செய்பவனுக்கு வேலை. பெக்கெற்றின் கதையைச் சொல்லும் லிமோஜ் பேழைகள் மட்டும் இன்று 40க்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட் பேராலயத்தில் இருக்கிறது, இன்னொன்று சுவீடனில். பாரிசிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மிஞ்சியதே இவ்வளவு என்றால் செய்தது எவ்வளவு இருக்கும்!

சரி, லிமோஜ் யாருடைய ஊர்? அக்கித்தேன் பிரபுத்துவத்தின் ஊர். அக்கித்தேனின் வாரிசு எலினோர். அவரை 1152இல் மணந்தவன் ஹென்றி. இரண்டு வருடத்தில் அவன் இங்கிலாந்தின் அரசன். ஆகவே பெக்கெற்றின் கொலையைப் பெட்டி பெட்டியாகச் செய்து ஐரோப்பா முழுக்க அனுப்பிய நகரம், யாருடைய கோபத்தால் அந்தக் கொலை நடந்ததோ அவனுடைய ஆட்சிக்குள்ளேயே இருந்தது.

மறைசாட்சியின் மரணத்தைப் படமாக்கும்போது கட்டளையிட்ட ஆட்சியாளனைக் காட்டுவது வழமையில் இல்லாததா? இல்லை. அதே லிமோஜ் பட்டறைகள் அந்தக் காலத்திலேயே புனித வலேரியின் கதையையும் பேழைகளில் செய்தன. வலேரி லிமோஜின் உள்ளூர்ப் புனிதை. ஸ்தெபான் என்ற பிரபுவின் கட்டளையால் தலை வெட்டப்பட்டவர். வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்திக்கொண்டு புனித மார்சியாலிடம் நடந்து போனதாகக் கதை. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிற வலேரி பேழையில் வெட்டியவனும் இருக்கிறான், கட்டளையிட்ட பிரபுவும் இருக்கையில் அமர்ந்திருக்கிறான். ஆக, வாளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறது என்று காட்ட இந்தக் கலைஞர்களுக்கு நன்றாகவே தெரியும். நூற்றாண்டுகளுக்கு முந்திய ஆட்சியாளனைக் காட்டலாம். உயிரோடு இருப்பவனை? பெக்கெற் பேழையில் வாள் மட்டும்தான் இருக்கிறது.

பயத்தால்தான் விட்டார்கள் என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் இதற்கு எதிர்வாதம் வைத்தார்: ஹென்றி பேராலயத்துக்கு வரவே இல்லையே, கொலை நடந்த கணத்தைச் செய்பவன் வந்தவர்களைத்தானே செய்வான்? நியாயம்தான். ஆனால் நடக்காத பூசையைச் சேர்க்கத் தெரிந்தவனுக்கு, வராத அரசனைச் சேர்க்கவும் தெரிந்திருக்கும். எதைக் கூட்டுவது எதைக் கழிப்பது என்பது தற்செயலாக நடப்பதில்லை.

அதற்குள் ஹென்றியும் சும்மா இருக்கவில்லை. பெக்கெற் 1173 பெப்ரவரியில் புனிதராக அறிவிக்கப்பட்டார். கொலை நடந்து இரண்டு வருடம் சொச்சம்தான். கன்ரபரிக்குச் சனம் குவிந்தது. இரத்தம் கலந்த தண்ணீரைச் சின்ன ஈயக் குப்பிகளில் வாங்கிக்கொண்டு போனார்கள், நோய் தீர்ந்ததாகச் சொன்னார்கள். மறுபக்கம் அரசனின் சொந்தப் பிள்ளைகளே அவனுக்கு எதிராகக் கிளம்பியிருந்தார்கள். 1174 யூலை 12இல் ஹென்றி கன்ரபரிக்கு வெறுங்காலோடு நடந்துவந்து, கல்லறைக்கு முன்னால் விழுந்து, துறவிகளிடம் சாட்டையடி வாங்கினான். அடுத்த நாள் வடக்கில் ஸ்கொட்லாந்து அரசன் வில்லியம் பிடிபட்டான். செய்தி வந்ததும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: புனிதர் மன்னித்துவிட்டார், அரசனுக்கு வெற்றியும் தந்துவிட்டார்.

அதோடு கதை தலைகீழ். பெக்கெற் இப்போது அரசனுக்கு எதிரான புனிதர் இல்லை, அரசனுடைய புனிதர். ஹென்றியின் மகள்மார் மணம் முடித்துப் போன இடமெல்லாம் இந்தப் பக்தியும் போனது. ஜோன் சிசிலிக்கு அரசியாகப் போனார். அங்கே மொன்றியாலே பேராலயத்தின் மொசைக்கில் பெக்கெற் நிற்கிறார். காஸ்தீலின் அரசியான எலினோர் 1179இல் தொலேதோப் பேராலயத்தில் பெக்கெற்றின் பீடம் ஒன்றுக்கு மானியம் கொடுத்தார். மற்ற மகள் மற்றில்டாவின் கணவர் சக்சனிப் பிரபு. அவர் செய்வித்த நற்செய்தி நூலின் ஓவியத்திலும் பெக்கெற் வருகிறார். தகப்பனின் கோபத்தால் செத்தவரை மகள்மார் ஊர் ஊராகக் கொண்டுபோய் வைத்தார்கள். அது உண்மையான பக்தியா, குடும்பத்தின் கறையைக் கழுவுகிற வேலையா? இரண்டுமாக இருக்கலாம். ஆனால் கொல்லப்பட்டவரை நினைவுகூரும் உரிமை எப்படிக் கைமாறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் எங்களுக்கு வேறு கிடைக்கவில்லை. கொலைக்குப் பொறுப்பானவன் விளக்கேற்ற முன்வரிசைக்கு வந்துவிட்டால், 'யார் செய்தது' என்ற கேள்வியைக் கேட்பவன்தான் குழப்பக்காரன் ஆகிறான்.

கொலையாளிகள் நால்வரையும் பாப்பரசர் புனித பூமிக்குப் போகச் சொன்னார். பெட்டியில் காலாகாலத்துக்கும் நிற்பதும் அவர்கள்தான்.

இந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது? பெனடிக்ற் என்ற துறவி கன்ரபரியில் பெக்கெற்றின் அற்புதங்களைத் தொகுத்து எழுதியவர். 1177இல் பீற்றர்பரோ மடத்துக்குத் தலைவராகப் போனபோது இரத்தமும் உடுப்பும், பெக்கெற் விழுந்த இடத்துத் தரைக்கற்களும் கொண்டுபோனார். இந்தப் பேழை அவற்றுக்காகச் செய்யப்பட்டிருக்கலாம் என்பது அருங்காட்சியகத்தின் கருத்து. எங்களுக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. பேழைகளில் இதுதான் பெரியவற்றில் ஒன்று, பழையவற்றிலும் ஒன்று. யாரோ முக்கியமானவர் கேட்டுச் செய்வித்ததாகத்தான் இருக்கவேண்டும்.

பிறகு இன்னொரு ஹென்றி வந்தான். பாப்பரசரோடு முறித்துக்கொண்ட எட்டாம் ஹென்றி 1538இல் கன்ரபரியில் இருந்த பெக்கெற்றின் திருத்தலத்தை உடைத்தான். பொன்னும் மணியும் அரச கருவூலத்துக்குப் போயின. அது கொள்ளை மட்டுமில்லை. பெக்கெற்றைப் புனிதர் என்று சொல்லக்கூடாது, படங்களை அகற்றவேண்டும், செப நூல்களில் பெயரை அழிக்கவேண்டும் என்று பிரகடனமும் வந்தது. அந்தப் பெயர் சுரண்டப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. இரண்டாம் ஹென்றி நினைவைத் தனதாக்கினான். எட்டாம் ஹென்றிக்கு அதில் பொறுமையில்லை. அரசனை எதிர்த்துச் செத்தவன் ஒருவன் பீடத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது அவனுக்கு நன்றாக விளங்கியிருந்தது.

பெட்டி எப்படியோ தப்பியது. ஆனால் அதில் பெக்கெற் என்று பெயர் வெட்டியில்லை. 18ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த தொல்பொருள் ஆர்வலர் வில்லியம் ஸ்ரூக்லி, டேனியர் படையெடுத்து வந்து குரோலண்ட் மடத்துத் துறவிகளைக் கொன்ற காட்சி என்று இதை வாசித்தார். கண்முன்னால் கொலை இருக்கிறது, யாரைக் கொன்றது, யார் கொன்றது என்பது கைநழுவிப் போய்விட்டது. பழி வந்தேறிய வேற்றாரின் மேல் விழுந்தது. அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? பெட்டியில் இருப்பதை மட்டும் வைத்து எந்தப் பெயரையும் சொல்லலாம்தான்.

பிற்காலக் கதை சற்று வேடிக்கை. 1970களில் பிரித்தானிய ரயில்வேயின் ஓய்வூதிய நிதியம் பணவீக்கத்துக்குப் பயந்து கலைப்பொருட்களில் முதலிட்டது. அப்படி இந்தப் பேழையும் ரயில் தொழிலாளரின் பென்சன் காசுக்குச் சொந்தமானது. 1996இல் நிதியம் அதை ஏலத்தில் விட்டபோது 40 இலட்சம் பவுணுக்கு மேல் போனது. நாட்டைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில், தேசிய மரபுரிமை நினைவு நிதியத்தின் உதவியோடு அருங்காட்சியகம் அதை எடுத்துக்கொண்டது. இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறது. உள்ளே இரத்தமுமில்லை, துணியுமில்லை.

கடைசியாக ஒன்று. எட்வேர்ட் கிரிம்மும் பெட்டியில் இல்லை. வெட்டுப்பட்டது அவருடைய கை. அது எல்லாச் சாட்சியங்களையும் எழுதிய கைகளில் ஒன்று. பெட்டியின் வலப்பக்கத்தில் இருக்கிற இரண்டு குருமாரின் கைகள் உயர்ந்துதான் இருக்கின்றன, ஆனால் குறுக்கே நீளவில்லை. அந்த இருவரையும் பற்றித்தான் நாங்கள் அன்று இரவு நெடுநேரம் கதைத்தோம். பயத்தில் உயர்த்திய கையா, 'நாங்கள் பார்த்தோம்' என்று சொல்ல உயர்த்திய கையா எண்டு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.